ஓதற்பிரிவும் காத்திருக்கும் தாயும்: ‘அபராஜிதோ’ புதினத்தை முன்வைத்து

கல்வியின் பொருட்டு இல்லம் நீங்கிச் செல்லுதலைத் தமிழ் அகத்திணை மரபு மிகப் பழங்காலத்திலேயே பிரிவு வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டுள்ளது. தொல்காப்பிய அகத்திணையியல் பிரிவிற்குரிய காரணங்களைக் கூறத் தொடங்குமிடத்து ஓதலையே முதற்கண் வைக்கிறது. பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன. அடுத்து, ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்று வரையறை செய்கிறது. கற்பியல் இதற்கு மூன்று யாண்டு என்னும் கால எல்லையையும் வகுக்கிறது. வேந்தன் பணிக்கும் பொருளுக்கும் பிரிவோர் ஓராண்டிற்குள் மீளவேண்டும் என்றிருக்க, கற்கச் சென்றவனுக்கு மட்டும் மும்மடங்கு காலம் விட்டுக்கொடுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இலக்கணம் இத்துணைத் தெளிவாகப் பேசியும், சங்கப் பாடல்களில் ஓதற்பிரிவு அரிதாகவே காணப்படுகிறது. பொருள்தேடிச் சுரங்கடந்த தலைவரும், பாசறையில் இருந்து கார்காலத்தை எண்ணும் தலைவரும் நூற்றுக்கணக்கானோர். நூல்தேடிச் சென்றவன் குரலைக் கேட்பது கடினம். பிற்காலக் கோவை நூலார் இப்பிரிவைத் துறையாக வகுத்துச் சில செய்யுட்களால் நிறைவு செய்தனர். திருக்கோவையாரிலும் அது மிகச் சிறியதொரு பகுதியே.

இங்கு எழும் வினா ஒன்று உண்டு. கற்கச் சென்றவனுக்காக வீட்டில் காத்திருப்பவர் யார்? அகமரபின் விடை ஐயத்திற்கு இடமற்றது: தலைவி. அகப்பாடல்களில் தாய் அழுவது உடன்போக்கில் சென்ற மகளுக்காகவே. நற்றாயும் செவிலியும் இரங்கும் பாடல்கள் அனைத்திற்கும் பொருள் அவளே. மகனைப் பிரிந்த தாயைக் காணப் புறத்திணையின் மூதின்முல்லைக்குச் செல்லவேண்டும். அங்கும் அவன் சென்ற இடம் போர்க்களம். கன்றுகளின் பின்னே கண்ணனைக் காட்டிற்கு அனுப்பிவிட்டு, ஏன் அனுப்பினேன் என்று நொந்துகொள்ளும் யசோதையின் குரலைப் பெரியாழ்வார் பாடியபோதுதான், மாலைக்குள் மீளக்கூடிய பிரிவேயாயினும், மகனை வெளியே விட்டுவிட்டு இல்லத்தில் இருக்கும் தாய்க்குத் தமிழில் ஒரு தனி மொழி கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரி என்னும் நிறுவனம் இந்நாட்டில் வேரூன்றிய பின்னர், ஓதற்பிரிவு நூற்பாவிலிருந்து வாழ்க்கைக்கு வந்தது. சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர் கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் சென்றனர். அவர்தம் முதல் நாட்களைப் பற்றி எழுந்த எழுத்துகளுள், பிரிந்தவனையும் பிரியப்பட்டவளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த நூல் என்று விபூதிபூஷண் வந்த்யோபாத்யாயரின் ‘அபராஜிதோ’ (1932) என்னும் வங்கப் புதினத்தைக் கூறலாம். அதனைத் தன்வரலாறுகள் சிலவற்றோடு ஒட்டியும் உறழ்ந்தும் நோக்குவது பயன் தரும்.

மணமான மாணவர் இருவர்

ஒப்பீட்டிற்கு முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கவை உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’மும் காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யும். முன்னது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனிலும், பின்னது 1925 முதல் 1929 வரை நவஜீவனிலும் தொடராக வெளிவந்தவை. ஒருவர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார்; மற்றவர் 1888-இன் தொடக்கத்தில் பவநகரின் சாமள்தாஸ் கல்லூரியை அடைந்தார். மாயூரத்தில் கல்லூரிக் கட்டடம் இல்லை. ஆசிரியரின் வீடே கல்லூரி. எனினும் முதல் நாட்களின் கவலைகள் இரண்டிடத்தும் ஒன்றே.

சாமிநாதையரின் நூலில் பாடம் எப்போது தொடங்கும் என்ற கேள்வியை முந்திக்கொண்டு உணவிற்கு என்ன வழி என்ற கேள்வி எழுகிறது. ஆசிரியர் அதனை மறைக்கவில்லை. மாணாக்கனின் தந்தையிடம் நேராகவே பேசுகிறார். மகனோடு தந்தையும் வந்து சில காலம் உடனிருக்கிறார். வெங்கடராமன் என்னும் பெயர் சாமிநாதன் என்று வழங்கத் தொடங்குவதும் இந்நாட்களில்தான். வீட்டார் அழைத்துவந்த ஒரு பெயர் ஆசிரியர் விருப்பத்தால் நிலைபெற்று, பின்னர் உலகறிந்த பெயராகிறது. புதிய இடத்தில் குடியேறுதலுக்கு இதனினும் செறிவான அடையாளம் ஒன்றைப் புனைகதை ஆசிரியர் எவரேனும் கற்பித்திருந்தால் மிகையென்றே தோன்றியிருக்கும்.

காந்தியடிகள் பவநகரைச் சில வரிகளிலேயே கடந்துவிடுகிறார். பேராசிரியர்கள் திறமையானவர்கள், தாம்தான் பக்குவமற்றவர், விரிவுரைகள் பிடிபடவில்லை, முதற்பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்: இவ்வளவே. தோல்வியைத் தம்மேலேயே ஏற்றிக்கொள்ளும் இச்சுருக்கம் அவர் இயல்பிற்கு ஒத்ததே. ஆயின் அதே ஆண்டு இறுதியில் இலண்டனில் கழித்த முதல் இரவுகளைப் பற்றி எழுதும்போது நடை மாறுகிறது. அன்னையின் அன்பு நினைவில் நின்று வருத்தியதையும், இரவுகளில் கண்ணீர் வடித்ததையும், யாரிடமும் சொல்ல இயலாத நிலையையும் விரித்துக் கூறுகிறார். மது, மாது, ஊன் என்னும் மூன்றையும் தீண்டேன் என்று புத்லிபாயின் முன் அவர் செய்த உறுதி, விடுதி உணவு மேசையில் நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகிறது. தாயின் சொல் மகனது வயிற்றின் வழியே அவனைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

இவ்விருவரும் புறப்பட்டபோது மணமானவர்கள் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. சாமிநாதையருக்கு 1868-லேயே திருமணம் நிகழ்ந்துவிட்டது. காந்தியடிகள் கப்பலேறியபோது சில மாதக் குழந்தைக்குத் தந்தை. தொல்காப்பியர் கூறும் ஓதற்பிரிவிற்கு இவர்களே பொருத்தமான தலைமக்கள். அப்படியிருந்தும் பிரிவுத் துயரின் மையத்தில் மனைவி இல்லை. ‘என் சரித்திர’த்தில் மாயூரப் பயணத்தின் துணை தந்தை; ‘சத்திய சோதனை’யில் இலண்டன் இரவின் நினைவு தாய். குழந்தைமணம் நிலவிய சமுதாயத்தில் பதினாறு, பதினெட்டு வயது இளைஞனுக்கு மனைவியைவிடப் பெற்றோரே நெருக்கமானவர் என்பது எளிதில் கிடைக்கும் விளக்கம். அது முழு விளக்கமன்று. கல்விக்குப் பணம் தருவதும், விடை தருவதும், ஊராரின் எதிர்ப்பைத் தாங்குவதும் பெற்றோராக இருந்தமையால், பிரிவைப் பற்றிய உரையாடலும் அவர்களோடே நிகழ்ந்தது எனக் கொள்வதே பொருந்தும். தலைவியின் இடம் இவ்வாறு தாய்க்கோ தந்தைக்கோ பெயர்ந்தது.

அக்ரூரன் வரும் தேர்

‘அபராஜிதோ’வின் நாயகன் அபுவுக்குக் கல்லூரிப் பருவத்தில் மனைவி இல்லை, தந்தை ஹரிஹரன் காசியில் இறந்துவிட்டார், தமக்கை துர்க்கை அதற்கு முன்னரே மறைந்தாள். எஞ்சியிருப்பவள் தாய் சர்வஜயா ஒருத்தியே. பிரிவை ஆராய விரும்பும் நாவலாசிரியர் பிற உறவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கி, இருவரை மட்டும் எதிரெதிரே நிறுத்திவிட்டதைப் போன்ற அமைப்பு இது. ஆயினும் இது திட்டமிட்ட கட்டமைப்பாகத் தோன்றாமல், வறுமை இயல்பாகச் செய்து முடித்த வேலையாகவே தோன்றுகிறது. விபூதிபூஷணரின் தந்தையும் வடமொழி கற்றுக் கதை சொல்லி வாழ்ந்தவர். விபூதிபூஷணர் கல்கத்தாவின் ரிப்பன் கல்லூரியில் பயின்று 1918-இல் பட்டம் பெற்றவர். அக்கல்லூரியிலேயே அபுவும் சேர்கிறான்.

இதற்கு முந்தைய புதினமான ‘பதேர் பாஞ்சாலி’யின் (1929) இறுதிப் பகுதிக்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘அக்ரூர சம்வாத்’ என்பதாகும். கோகுலத்திற்குத் தேருடன் வந்து கண்ணனை மதுரைக்கு அழைத்துச் சென்றவன் அக்ரூரன். சென்ற கண்ணன் யசோதையின் வீட்டிற்கு மீண்டு வாழ வரவில்லை. வங்க வைணவப் பாடல் மரபில் ஊறிய வாசகனுக்கு இத்தலைப்பே போதும். அபு இனி ஓரிடத்திலும் நிலைக்கமாட்டான் என்பது புரிந்துவிடும். 1968-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, குடும்பம் நிச்சிந்திபுரத்தை விட்டுப் புறப்படுவதோடு நின்றுவிடுகிறது; சத்யஜித் ராயின் முதற்படமும் (1955) அங்கேயே முடிகிறது. இவற்றின் வழியாக மட்டும் அபுவை அறிந்தோர் இக்குறிப்பை இழந்துவிடுகின்றனர். பெரியாழ்வாரைப் பயின்ற தமிழ் வாசகருக்கோ யசோதை புதியவள் அல்லள்.

புதினத்தில் பிரிவு ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. மனசாபோதா என்னும் சிற்றூரில் உறவினர் ஒருவரின் ஆதரவில் தாயும் மகனும் குடியேறுகின்றனர். குலத்தொழிலான பூசையைச் சிறுவன் மேற்கொள்கிறான். பின்னர் அருகூர்ப் பள்ளிக்கு நாள்தோறும் நடந்து செல்கிறான். உதவித்தொகை பெற்றுத் தேவான்பூர்ப் பள்ளியின் விடுதியில் தங்குகிறான். அதன் பின்னரே கல்கத்தா. காலையில் சென்று மாலையில் திரும்புதல், விடுமுறைக்குத் திரும்புதல், எப்போதேனும் திரும்புதல் எனத் தூரம் படிப்படியாக வளர்கிறது. கல்கத்தாவிற்குப் புறப்படும் நாளில் சர்வஜயா பெருங்குரலெடுத்து அழவேண்டியதில்லை. காத்திருத்தலில் அவள் முன்னரே பழகிவிட்டாள். ஓதற்பிரிவிற்கு மூன்று யாண்டு எல்லை வகுத்த இலக்கணம் மீட்சியை உறுதியாகக் கருதியது. சர்வஜயாவின் பிரிவிற்கு அத்தகைய எல்லை இல்லை. படிப்பு முடிந்தால் வேலை. வேலை கிடைப்பதும் ஊரில் அன்று.

கல்கத்தாவில் முதல் நாட்கள்

நகரத்தின் முதல் நாட்களை விபூதிபூஷணர் இரு வேறு பசிகளாகக் காட்டுகிறார். ஒன்று வயிற்றுப்பசி. தங்குமிடம் பிறர் தயவு. அதுவும் அடிக்கடி மாறுவது. வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கிடைக்கும் சிறு ஊதியமும் நிலையற்றது. பட்டினி கிடந்த நாட்களை அபு பெருமையாகவும் சொல்வதில்லை, புலம்பலாகவும் சொல்வதில்லை. தன்னொத்த மாணவரிடம் மறைத்துக்கொள்கிறான். மற்றொன்று நூற்பசி. நூலகத்தில் வானியலும் வரலாறும் பயணநூல்களும் அவன்முன் குவிகின்றன. பாடத்திட்டத்திற்கும் அவன் படிப்பிற்கும் தொடர்பே இல்லை. வகுப்பறையில் பெறாத கல்லூரியை அவன் நூலகத்தில் பெறுகிறான். இவ்விரண்டு பசிகளையும் ஆசிரியர் ஒன்றையொன்று ஈடுசெய்வனவாகக் காட்டவில்லை. நூல் வயிற்றை நிரப்புவதில்லை என்பதில் அவர் தெளிவாக இருக்கிறார். நூல் கையில் இருக்கும்போது வயிறு மறந்துபோவதையும் அவர் அறிவார்.

வறிய மாணவனைப் பற்றிய எழுத்துகளில் நகரம் பெரும்பாலும் அரக்கனாகவோ கானல்நீராகவோ சித்திரிக்கப்படுவது வழக்கம். அபுவின் கல்கத்தா இரண்டும் அன்று. அது அவனைப் பொருட்படுத்தாத ஊர். அப்பொருட்படுத்தாமையே அவனுக்கு ஒருவகை உரிமையையும் தருகிறது: பூசாரியின் மகன் என்று அவனை அங்கே யாரும் அழைப்பதில்லை.

எல்லாருக்கும் நகரமோ கல்லூரியோ இவ்வுரிமையை வழங்கியதில்லை என்பதையும் இங்கே குறித்தாகவேண்டும். பாமாவின் ‘கருக்கு’ (1992) காட்டும் கல்லூரி வேறு. அன்னையின் காதணி அடகு வைக்கப்பட்டதால் திறக்கும் கல்லூரிக் கதவு அது. உள்ளே சென்ற பின்னரும், கல்லூரி விழா நாளில் உடுத்த நல்ல சேலை இன்றிக் குளியலறைக்குள் ஒளிந்துகொள்ளும் மாணவியை அந்நூலில் காண்கிறோம். அபுவும் வறியவன், ஆயின் அவன் அந்தணன். பட்டினியை மறைத்துக்கொண்டால் அவனால் கூட்டத்தில் ஒருவனாகிவிட முடியும். சாதியை அவ்வாறு மறைத்துவிட இயலாது என்பதே ‘கருக்கு’ கூறும் செய்தி. ஓதல் உயர்ந்தோர்க்கு உரியது என்ற பழைய வரையறை, நூற்பாவில் ஒரு சொல்லாக நின்றது, இங்கே குளியலறைக் கதவாக நிற்கிறது. ‘அபராஜிதோ’வை எத்துணைப் பாராட்டினாலும், இவ்வேறுபாட்டைக் காணாத பாராட்டு குறையுடையதே.

விடுதலை என்னும் உணர்வு

புதினத்தின் மிகவும் விவாதத்திற்குரிய பகுதி சர்வஜயாவின் மறைவை ஒட்டியது. செய்தியறிந்த கணத்தில் அபுவின் உள்ளத்தில் முதலில் எழுவது துயரம் அன்று. தளை அறுந்தாற் போன்றதொரு மகிழ்ச்சி. அது ஒரு கணமே நீடிக்கிறது. உடனே தன் உணர்வைக் கண்டு அவனே திடுக்கிடுகிறான். அதன் பின்னர் உண்மையான துயரம் வந்து அவனை நெடுநாள் ஆட்கொள்கிறது.

இப்பகுதியை மகனின் நன்றியின்மைக்குச் சான்றாகவோ, ஆசிரியரின் கொடுமையாகவோ கொள்வார் உளர். அவ்வாறு கொள்ளுதல், பிரிவை ஒருபக்கத்திலிருந்தே காணும் பழக்கத்தின் விளைவாகும். புறப்பட்டுச் சென்றவன் மகிழ்ந்திருப்பான் என்பதை அகமரபு ஏற்பதில்லை. சுரத்திடையிலும் பாசறையிலும் அவன் தலைவியை நினைத்து வருந்தியே ஆகவேண்டும். காந்தியடிகளின் இலண்டன் இரவுகளும் இம்மரபோடு முரண்படவில்லை. விபூதிபூஷணர் ஒருவரே, கற்கச் செல்லும் மகனுக்குப் புறப்பாடு இன்பமாகவும் இருக்கலாம் என்பதை மறைக்காமல் எழுதினார். அன்பு இல்லாதவனுக்கு இவ்விடுதலையுணர்வு தோன்ற வழியில்லை. விடுபடுவதற்கு அவனிடம் தளையேதும் இராது. அபு தாயை நேசித்தான். அந்நேசமே அவனை ஒவ்வொரு விடுமுறையிலும் மனசாபோதாவிற்கு இழுத்தது. நூலகத்தில் இருந்தபோதும் குற்றவுணர்வாகத் தொடர்ந்தது. அது அறுந்த கணத்தில் உடல் இலேசாவதும், உள்ளம் அதற்காக வெட்குவதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில்தான் ஆசிரியரின் நேர்மை வெளிப்படுகிறது.

ஒப்புநோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி ‘சத்திய சோதனை’யிலும் உண்டு. 1891-இல் நாடு திரும்பிய பின்னரே அன்னையின் மறைவு அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. அயல்நாட்டில் தனித்து வருந்தவேண்டாம் என்று தமையனார் மறைத்துவிட்டார். துயரத்தைப் பெரிதும் அடக்கிக்கொண்டு வழக்கம்போல் வாழ்வைத் தொடர்ந்ததாகக் காந்தியடிகள் எழுதுகிறார். அங்கே நின்றுவிடுகிறார். அடக்கப்பட்டது எது என்பதை அவர் ஆராயவில்லை. தன்வரலாற்று ஆசிரியருக்கு அக்கடமை இல்லை. புனைகதை ஆசிரியர் அக்கதவைத் திறந்து பார்த்தார்.

திரைப்படம் செய்த மாற்றம்

இவ்விடுதலையுணர்வே தம்மை இப்புதினத்தின்பால் ஈர்த்தது என்று சத்யஜித் ராய் எழுதியிருக்கிறார். எனினும் 1956-இல் வெளிவந்த அவரது ‘அபராஜிதோ’ திரைப்படத்தில் அவ்வுணர்வு நேராக இடம்பெறவில்லை. தாய் இறந்ததை அறிந்த அபு மரத்தடியில் அமர்ந்து அழுகிறான். ஒரு கணநேர மனவோட்டத்தைக் காட்சியாக்குதல் அரிது என்பதை ராய் உணர்ந்திருக்கவேண்டும். அதற்கு ஈடாக, தாயின் வாழ்நாளிலேயே மகனது விலகலைச் சிறுசிறு காட்சிகளாகப் பகிர்ந்தளித்துள்ளார். விடுமுறைக்கு வந்த மகனிடம் சர்வஜயா தன் எதிர்காலத்தைப் பற்றியும், நோயுற்றால் தன்னைக் கவனிப்பானா என்றும் பேசிக்கொண்டே இருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அவன் உறங்கிவிட்டான். களைத்த இளைஞனின் உறக்கத்தில் கொடுமை ஏதும் இல்லை. காண்போரால் தாங்க இயலாததும் அதுவே.

ராய் தேவான்பூர் விடுதிப் பகுதியை நீக்கிவிட்டார். அதனால் கல்கத்தாப் பயணமே முதற்பிரிவாகிறது. அதன் கனம் பன்மடங்காகிறது. தலைமையாசிரியர் தந்த உலக உருண்டையை ஏந்தி அவன் ஊர் நீங்குகிறான். அச்சகத்தில் வேலையும் அங்கேயே அறையும் கிடைக்கின்றன. இரவெல்லாம் அச்சகத்தில் உழைத்தவன் பகலில் வகுப்பில் தூங்கி, வெளியேற்றப்படுகிறான். திரைப்படத்தின் சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் நூலகத்தில் அபு அடைந்த பரவசத்திற்குப் படத்தில் போதிய இடம் இல்லை என்பது குறையே. மகன் எதற்காகச் சென்றான் என்பது மங்கும்போது, தாய் எதை இழந்தாள் என்பது மட்டும் ஓங்கிநிற்கிறது. அவ்வாறிருந்தும், தாயிடமிருந்து விலகும் மகனை வங்கப் பார்வையாளர் அன்று விரும்பி ஏற்கவில்லை. படம் 1957-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது என்பது வேறு செய்தி.

புதினத்தையும் விஞ்சும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. விடுமுறை முடிந்து கல்கத்தாவிற்குத் திரும்பும் காலை. அபு விரைந்து நிலையத்தை அடைகிறான். இரயிலும் வருகிறது, அவன் ஏறவில்லை. வீட்டிற்குத் திரும்பி, வண்டி தவறிவிட்டதென்று தாயிடம் பொய் சொல்கிறான். அவனுக்கு ஒருநாள்தான் கூடுதலாகக் கிடைக்கிறது; அவளுக்கும் அவ்வளவே. பிரிவுக்குச் செலவழுங்குதல் என்னும் துறை அகமரபில் உண்டு. பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் நிலைகண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவது அது. அத்துறை இங்கே, அதனை அறியாத ஒரு கலைஞரின் கையில், தாய்க்கு உரியதாகிவிட்டது.

படத்தின் இறுதியில் உறவினர் அவனை ஊரிலேயே தங்கிப் பூசைத் தொழிலை ஏற்கச் சொல்கிறார். தேர்வு இருப்பதாக அவன் கூறுகிறான். தாய்க்குரிய ஈமக்கடன்களை என்ன செய்வதென்ற கேள்விக்கு, கல்கத்தாவில் காளிகட்டத்தில் செய்துகொள்வதாக விடையளித்து, மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கிறான்.